பற்றாசு

யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது மாணவர்கள் தாமாகவே நிமிர்ந்து உட்காரும் இடங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று ஆசிடை நேரிசை வெண்பா. முதற்குறளுக்கும் அதனை அடுத்து நிற்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டிசைக்குமானால், ஓரசையோ ஈரசையோ கூட்டி அவ்விடைவெளியை நிரப்புவர். அங்ஙனம் கூட்டப்படும் அசைக்கு 'ஆசு' என்று பெயர். பொற்கொல்லர் பொன்னோடு பொன்னைப் பொருத்துவதற்கு இடையே இடும் பற்றாசினை உவமையாகக் கொண்டு வந்த பெயர் அது. செய்யுள் செய்பவனும் உலோகத்தை இணைப்பவனும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்றறியும்போது மாணவர் முகத்தில் ஒரு வியப்புத் தோன்றுவதை ஆண்டுதோறும் கண்டு வருகிறேன்.

'பற்று' என்னும் சொல் தமிழில் தாங்கி நிற்கும் சுமை சிறிதன்று. அன்பும் பற்றுதான். கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுவதும் பற்றுதான். அடுப்பில் நெருப்பு மூட்டுவதைப் பற்றவைத்தல் என்கிறோம். இரும்போடு இரும்பை இணைப்பதையும் பற்றவைத்தல் என்றே சொல்கிறோம். அன்பு, கடன், நெருப்பு, இணைப்பு ஆகிய நான்கும் ஒரு சொல்லுக்குள் எவ்வாறு அடங்கின என்பதை அகராதி விளக்குவதில்லை. 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், எங்கள் ஊர்க் கடைத்தெருவின் கோடியில் உள்ள ஒரு மோட்டார்ப் பட்டறை எனக்கு அதை விளக்கிற்று.

எங்கள் வீட்டில் 1964ஆம் ஆண்டு மாதிரி ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் ஒன்று உண்டு. பினாங்கில் வணிகம் செய்துவந்த பாட்டனார், அதை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது தம்மோடு கப்பலில் கொண்டுவந்து சென்னையில் இறக்கியது அது. 1938இல் ஜெர்மனியில் தயாரிப்புத் தொடங்கி, 2003ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கடைசி வண்டி வெளிவரும்வரை, இந்த வகைக் கார் 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எஞ்சின் பின்னால் இருக்கும். பெட்ரோல் தொட்டி முன்னால் இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். 1192 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஆறு வோல்ட் பேட்டரியும் கொண்ட எளிய வண்டி. ஊரார் அதை ஆமை வண்டி என்பர்.

பாட்டனாருக்குப் பின் அது வாப்பாவிடம் வந்தது. வாப்பாவுக்கு நாங்கள் நால்வர். மூத்தவர் லாத்தா, அடுத்தவர் நானா, மூன்றாமவன் நான், கடைக்குட்டி தம்பி. நானா சிங்கப்பூரிலும் தம்பி சார்ஜாவிலும் வேலை பார்க்கிறார்கள். நான் கல்லூரி இருக்கும் ஊரில் குடியிருக்கிறேன். இளம் வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய லாத்தாதான் வாப்பாவையும் உம்மாவையும் பார்த்துக்கொண்டவர். எங்கள் தெருவில் பெண்கள் வண்டி ஓட்டுவதை யாரும் கண்டிராத காலத்தில் வாப்பா லாத்தாவுக்கு இந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், இரவு நேரத்தில் அண்டை வீட்டுப் பிரசவத்துக்கு ஓடுவதும், நாங்கள் விடுமுறைக்கு வரும்போது இரயில் நிலையத்தில் காத்து நிற்பதும் லாத்தாவும் அந்த வண்டியுமே. 2022இல் வாப்பா வஃபாத்தானார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் வண்டியில் குறை தோன்றிற்று.

கிளட்ச் மிதியை அழுத்தினால் சேற்றில் கால் வைத்ததுபோல் அமிழ்ந்தது. கியர் மாற்றும்போது பல்லோடு பல் உராயும் ஓசை எழுந்தது. ஒரு நாள் கேபிள் அறுந்துபோயிற்று. ஒரு பட்டறையில் புதுக் கேபிள் போட்டார்கள். நான்கு மாதத்தில் அதுவும் அறுந்தது. வேறொரு பட்டறையிலும் கேபிளையே மாற்றினார்கள். மூன்றாவது முறையும் அறுந்தபோது, "இது மியூசியத்துக்குப் போற வண்டிம்மா, இனி ஓடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை லாத்தா ஏற்கவில்லை. வாப்பா எல்லாச் செலவையும் பற்று வரவு ஏட்டில் எழுதி வைக்கும் பழக்கமுடையவர். பெட்டியிலிருந்த பழைய ஏடுகளை லாத்தா எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நாற்பது ஆண்டுக் கணக்கில் கிளட்ச் கேபிள் மாற்றிய செலவு இரண்டே முறைதான் பற்று எழுதப்பட்டிருந்தது. "நாப்பது வருஷத்துல ரெண்டு தடவை அறுந்தது, ஒரே வருஷத்துல மூணு தடவை அறுந்தா, குத்தம் கேபிள்ல இல்ல தம்பி, கேபிள் போற வழியில இருக்கு" என்று அவர் தொலைபேசியில் சொன்னார். தருக்க நூல் பயின்றவர் எவரும் இதனினும் தெளிவாக ஏதுவைக் காட்டிவிட முடியாது.

இதற்கிடையே வாப்பாவின் சொத்தைப் பங்கிடும் பேச்சும் எழுந்தது. மார்க்க முறைப்படி உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழு பங்கில் ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு, பெண்மகளுக்கு ஒன்று. ஆக மொத்தம் எட்டுப் பங்கும் எச்சமின்றிச் சரியாகப் பிரிந்தன. நிலத்தையும் வீட்டையும் கணக்கிடுவதில் சிக்கல் எழவில்லை. காரை என்ன செய்வது என்பதே கேள்வியாயிற்று. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் சென்னை அன்பர் ஒருவர், ஓடாத நிலையிலேயே 6,00,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். பங்கு ஒன்றுக்கு 75,000 ரூபாய். "வித்துடலாம். லாத்தா பங்கை லாத்தாகிட்ட கொடுத்துடுவோம். ஓடாத வண்டியை வச்சு என்ன செய்ய?" என்று நானா வாட்ஸ்அப்பில் எழுதினார். அதில் தவறு காண ஒன்றுமில்லை. கணக்கு நேர்மையான கணக்கு. லாத்தா மறுமொழி எழுதவில்லை. சென்னை அன்பர் சூன் முதல் வாரத்தில் நேரில் வருவதாக இருந்தார். மே மாதம் முதல் நாள் நான் ஊருக்குச் சென்றேன்.

கடைத்தெருக் கோடியில் எழுபது வயது கடந்த மேஸ்திரி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். டிராக்டரும் தண்ணீர் இறைக்கும் எஞ்சினும் பழுதுபார்ப்பதே இப்போது அவருக்குப் பிழைப்பு. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தினோம். அவர் எஞ்சினைத் திறக்கவில்லை. அறுந்த கேபிளை வாங்கி, அறுபட்ட முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வேறொரு கேபிளைத் தற்காலிகமாகப் பூட்டிவிட்டு, "அக்கா, நீங்க ஏறி மிதிய அமுக்குங்க, நான் சொல்றப்போ விடுங்க" என்று சொல்லி, டார்ச் விளக்கோடு வண்டியின் பின்புறம் அடியில் படுத்துக்கொண்டார். லாத்தா அழுத்தினார், விட்டார், மீண்டும் அழுத்தினார். மேஸ்திரி என்னைக் கீழே அழைத்து, கேபிள் வெளிவரும் குழாயின் முனையில் என் விரலை வைக்கச் செய்தார். லாத்தா மிதியை அழுத்திய ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் ஒரு விரற்கடை முன்னோக்கி நகர்ந்தது.

"குழாய் நகரக் கூடாது தம்பி. கம்பி மட்டுந்தான் நகரணும்" என்றார் மேஸ்திரி.

இதை விளங்கிக்கொள்ள அந்த வண்டியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பீட்டில் வண்டியின் தரைத்தகட்டின் நடுவே, முன்னிருந்து பின்வரை முதுகெலும்புபோல் ஒரு தகட்டுக்கூடு ஓடுகிறது. மிதி முன்னால், கிளட்ச் பின்னால். இரண்டையும் இணைக்கும் கேபிள் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. அது கூட்டுக்குள் ஒரு மெல்லிய எஃகுக் குழாய் வழியே செல்கிறது. அந்தக் குழாய் கூட்டின் உட்புறத்துத் தாங்கிகளில் ஆங்காங்கே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்முனையில் குழாயை விட்டு வெளிவரும் கேபிள், வளையக்கூடிய ஓர் உறைக்குள் புகுந்து கிளட்ச் நெம்புகோலைச் சென்றடையும்.

உறைக்குள் ஓடும் இத்தகைய கம்பிக்கு எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896இல் காப்புரிமை பெற்றார். மிதிவண்டியின் பிரேக் கம்பியும் இதே இனம்தான். அதன் நுட்பம் இது: உள்ளே இருக்கும் கம்பியை எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ, அவ்வளவு விசையும் எதிர்த்திசையில் வெளி உறையின் மேல் அழுத்தமாக விழுகிறது. உறை அசையாமல் நின்று அதைத் தாங்கினால்தான் இழுப்பு மறுமுனையைச் சென்று சேரும். உறையோ அதைத் தாங்கும் குழாயோ இடம்பெயர்ந்தால், காலின் உழைப்பெல்லாம் குழாயை நகர்த்துவதிலேயே செலவாகிவிடும். கிளட்ச் முழுதும் விலகாது. கம்பியும் கோணல் வழியில் உராய்ந்து உராய்ந்து அறும். இழுபடும் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, அறுந்தால் மாற்றப்படுகிறது. தாங்கும் குழாயோ இருட்டில் இருப்பது. அது நின்ற இடத்திலேயே நிற்கும்வரை அப்படியொன்று இருப்பதே எவருக்கும் நினைவில் வராது.

மேஸ்திரி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது லாத்தா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, அடுத்து எப்போது அழுத்தச் சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரும் சார்ஜாவும் என் கல்லூரியும் எங்கள் மூவரின் ஓட்டத்துக்குக் களமாயின. அவ்வோட்டத்தின் எதிர்விசை முழுவதும் எங்கே விழுந்தது என்பதைச் சொல்ல எனக்கு அந்தக் குழாயினும் நல்ல உவமை இதுவரை கிடைக்கவில்லை. வள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் பெருந்தேரின் அச்சாணியை நினைவூட்டுகிறார். அச்சாணியாவது சக்கரத்தின் பக்கத்தில் வெளியே தெரியும். இது தகட்டுக்கூட்டுக்குள் மறைந்து கிடப்பது.

பழுது எங்கே என்று கண்டறிந்ததும் அதை அடைவது எப்படி என்னும் கேள்வி பிறந்தது. கியர் தண்டைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறு கண்ணாடி ஒன்றை நுழைத்து மேஸ்திரி பார்த்தார். முன்பக்கத்துத் தாங்கியில் பழைய பற்று விரிசலிட்டுப் பிரிந்திருந்தது. குழாய் தாங்கியின்மேல் உராய்ந்த இடம் மட்டும் துருவின்றிப் பளபளத்தது. கை அங்கே எட்டாது. கூட்டின் தகட்டை வெட்டிச் சன்னல் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கூட்டுக்குள் கிளட்ச் குழாய் மட்டுமா இருக்கிறது? ஆக்சிலேட்டர் கம்பியின் குழாய், கைப்பிரேக் கம்பிகளின் குழாய்கள், கியர் தண்டு, இவற்றோடு முன்தொட்டியிலிருந்து பின் எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்லும் குழாயும் அங்கேதான் ஓடுகிறது. பெட்ரோல் குழாய்க்கு அருகில் நெருப்பு மூட்டப் போகிறோம் என்பதே இந்த வேலையின் அபாயம். "பெட்ரோல விட அது விட்டுட்டுப் போற ஆவிக்குத்தான் பயப்படணும்" என்றார் மேஸ்திரி. முதல் நாள் முழுதும் அவர் வெட்டவுமில்லை, பற்றவைக்கவுமில்லை. தொட்டியை வடித்து, வண்டியிலிருந்தே கழற்றித் தொலைவில் கொண்டுபோய் வைத்தார். பெட்ரோல் குழாயின் இரு முனையையும் அவிழ்த்து, காற்றடித்து உலர்த்தி, அடைத்தார். பின்னிருக்கைக்கு அடியில் இருந்த பேட்டரியை வெளியே எடுத்தார். இருக்கைகள், தரைவிரிப்பு எல்லாம் வெளியேறின. கிளட்ச் கேபிளையும் உருவினார். உள்ளே கிரீஸ் தடவிய கம்பி இருக்க வெளியே தீ வைக்கலாகாது. மணல் வாளியும் நனைந்த சாக்கும் காலடியில் வந்து அமர்ந்தன.

இரண்டாம் நாள் தகட்டின்மேல் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டார். சுழலும் கல்லால் வெட்டினால் தீப்பொறி பறக்கும். ஆழம் தவறினால் உள்ளிருக்கும் குழாய் அறுபடும். ஆகவே சிறு துளையிட்டு, இரம்பத் தகட்டைக் கையில் பிடித்து, மெல்ல மெல்ல மூன்று பக்கம் மட்டும் அறுத்தார். நான்காம் பக்கத்தை விட்டுவைத்து, தகட்டைக் கதவுபோல் மடக்கித் திறந்தார். அறுபது ஆண்டு இருட்டுக்குள் முதன்முதலாக வெயில் விழுந்தது.

இனிக் குழாயைப் பழைய இடத்தில் நிறுத்தியாக வேண்டும். பழைய இடம் எது? அளவு குறித்த ஏடு எதுவும் அவரிடம் இல்லை. விரிந்த பற்றின் ஒரு பாதி தாங்கியிலும் மறுபாதி குழாயிலும் ஒட்டியிருந்தது. உடைந்த சட்டியின் ஓடுகளைச் சேர்ப்பதுபோல் இரண்டின் விளிம்பையும் ஒன்றோடொன்று பொருத்தி, அதுவே பழைய இடம் என்று கண்டுகொண்டார். உடைந்த இடமே உடையாத நிலைக்குச் சாட்சி சொல்லிற்று.

மின்சாரப் பற்றவைப்பு விரைவில் முடியும். ஆனால் குழாயின் சுவர் மெல்லியது. அந்தச் சூட்டில் ஓட்டை விழுந்துவிடும். எஃகு உருக 1500 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். பித்தளை ஏறத்தாழ 900 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே இரும்பை உருக்காமல், அதைச் செஞ்சூடாக்கி, இடையே பித்தளையை ஓடவிடுவதே தக்க முறை. இரண்டு பக்கத்தையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்து வெள்ளையாக்கினார். கேஸ் விளக்கின் சுடரில் பித்தளைக் கம்பியின் முனையைக் காட்டி, அதை வெண்காரப் பொடியில் தோய்த்தார். பொன்வேலை செய்வோர் பொருத்துவாயில் இடுவதும் இந்த வெண்காரமே. குழாயும் தாங்கியும் செந்நிறம் கொண்ட நொடியில் பித்தளை உருகி, எங்கே இடைவெளி இருந்ததோ அங்கே தானாகவே ஓடி நிறைந்தது. வகுப்பறையில் நான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்த பற்றாசு என் கண்ணெதிரே பளபளத்து அடங்கிற்று. நெருப்பின்றி அது பற்றுவதில்லை. அழுக்கு நீங்காத இடத்திலும் அது பற்றுவதில்லை.

ஆறியபின் மேஸ்திரி குழாயைப் பிடித்து முழு வலிமையோடு இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. அன்றே சன்னலை மூடவில்லை. புதுக் கேபிளுக்குக் கிரீஸ் தடவிப் பூட்டி, லாத்தாவை மிதியை அழுத்தச் சொல்லி, குழாய் நிற்கிறதா என்று திறந்த சன்னல் வழியாகவே இருமுறை பார்த்துக்கொண்டார். மீண்டும் கேபிளை உருவிவிட்டு, மறுநாள் தகட்டுக் கதவை மடக்கி, விளிம்பெல்லாம் பற்றவைத்து, துருத்தடுப்பு வண்ணம் பூசினார்.

எஞ்சியது அளவு சரிபார்ப்பது. இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. பின்முனையில் உள்ள வளையும் உறை நேராக விறைத்து நிற்கக் கூடாது. 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை கீழ்நோக்கி வளைந்து தொங்க வேண்டும். வளைவு இல்லையேல் கிளட்ச் உதறும். மிகையானால் கம்பி தேயும். மிதியிலும் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை விசையின்றி அசையும் இடம் விட்டாக வேண்டும். அது இல்லையேல் கிளட்ச் ஓயாமல் உராய்ந்து கரியும். தாங்கி நிற்பதற்கும் ஒரு தளர்வு வேண்டும், இழுப்பதற்கும் ஓர் ஓய்வு வேண்டும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர்கள் மில்லிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேஸ்திரி உறைக்கு வளையம் சேர்த்து வளைவைச் சரிசெய்தார். மரையைத் திருகி மிதியைச் சரிசெய்தார். லாத்தா காலால் அளந்து, "இன்னும் கொஞ்சம் விடுங்க அண்ணே; வாப்பா இருந்தப்போ இதைவிடக் கொஞ்சம் இறங்கும்" என்றார். மேஸ்திரி அரைச் சுற்றுத் திருப்பினார். "இப்போ சரி" என்றார் லாத்தா. அளவுகோலை வைத்துப் பார்த்தோம். 15 மில்லிமீட்டர்.

அன்று மாலை லாத்தா உம்மாவை முன்னிருக்கையில் அமர்த்திக் கடற்கரைச் சாலை வரை ஓட்டிச் சென்றார். நான் பின்னிருக்கையில் இருந்து, கியர் மாறும் ஓசையை மட்டும் கைப்பேசியில் பதிந்து உடன்பிறப்புகளுக்கு அனுப்பினேன். உம்மா தம் ஒரு பங்கையும் நான் என் இரண்டு பங்கையும் லாத்தாவுக்கு விட்டுக்கொடுப்பதாக முன்பே சொல்லியிருந்தோம். அவருடைய ஒன்றோடு சேர்த்து நான்கு. தம்பி அன்றிரவே, "என்னோட ரெண்டும் லாத்தாவுக்கு" என்று எழுதினான். ஆறு.

நானாவிடமிருந்து இரண்டு நாள் செய்தி இல்லை. மூன்றாம் நாள் அழைத்தார். என்னிடம் பேசவில்லை, லாத்தாவிடம் பேசினார். "செகண்ட்ல போடறப்போ வண்டி கொஞ்சம் முனகுமே, அது இன்னும் இருக்கா லாத்தா?" என்று கேட்டார். "இருக்கு" என்றார் லாத்தா. நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு நானா, "சென்னைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். வாரிசுதாரர் பெயருக்கு மாற்றும் படிவம் 31இல் எட்டுப் பங்கும் ஒரே பெயரில் அடங்கின. மார்க்கம் வகுத்த கணக்கில் எதையும் நாங்கள் மாற்றவில்லை. அவரவர் பங்கு அவரவர் கைக்கு வந்தது. வந்தபின் அவரவர் மனமுவந்து கொடுத்தார்கள். வாப்பாவின் ஏட்டில் இதை எழுத வேண்டுமானால் வரவிலா பற்றிலா எழுதுவது என்று உம்மா கேட்டார். விடை சொல்ல எனக்குத் தெரிந்த இலக்கணம் போதவில்லை.

தரைவிரிப்பை மீண்டும் ஒட்டுவதற்கு முன் மேஸ்திரி சிறு தூரிகை ஒன்றைக் கேட்டு வாங்கினார். பற்றவைத்து மூடிய தகட்டின்மேல் மஞ்சள் வண்ணத்தால், "உள்ளே பெட்ரோல் குழாய். பார்த்து வெட்டவும்" என்று எழுதினார். விரிப்பு மூடிவிட்டால் அந்த எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாதே என்றேன். "இப்போ தெரிய வேண்டாம் தம்பி. இதை அடுத்து ஒருத்தன் திறப்பான் பாருங்க, அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனார்.